மீஸான்: வானமும் அளவும் ஒரகடமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடத்தில் ஒரகடம் அமைந்திருக்கின்றது. ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இப்பகுதி, இன்று நாடறிந்த தொழிற்பேட்டையாகும். 2010இல் ரெனோ-நிஸ்ஸான் கூட்டுக் கார் ஆலையும், 2012இல் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இங்கு உற்பத்தியைத் தொடங்கின. மத்திய அரசின் வாகனச் சோதனை ஆராய்ச்சி மையமும் இங்குண்டு. அடுத்துள்ள வல்லம்-வடகால் சிப்காட் வளாகத்தில் வானூர்தி, விண்வெளித் தொழில்களுக்கென்றே தனிப் பூங்கா ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. 2025இல் தமிழக அரசு விண்வெளித் தொழில் கொள்கை ஒன்றையும் ஏற்றது.

தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த இளைஞர்கள் இங்கு வந்து பணியாற்றுகின்றனர். அவர்களுள் நம் சமுதாயத்தவரும் உளர். இன்று மோட்டார் வாகனப் பாகம் செய்யும் கரங்கள், நாளை செயற்கைக் கோளுக்கும் ஏவுகணைக்கும் பாகம் செய்யக்கூடும். இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. விண்வெளி ஆய்வு என்னும் இப்பெரும் முயற்சியில் நாம் எத்தகைய பங்கு பெறப் போகின்றோம்? கருவியைக் கையாளுபவராக மட்டுமா, அல்லது அளவை வகுப்பவராகவுமா? இக்கட்டுரை அவ்வினாவை ஆராய முற்படுகின்றது.

அளவே அடிப்படை

தொழிற்கூடத்தில் ஒரு பாகம் 'சரி' என்று ஏற்கப்படுவதற்குப் பொருள் என்ன? வரைபடத்தில் குறித்த அளவிலிருந்து, அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு மேல் அது விலகவில்லை என்பதே. எஞ்சினின் நுட்பமான பாகங்களில் அவ்வெல்லை சில மைக்ரான்களாகவே இருக்கும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை எனின், இதன் நுட்பம் விளங்கும்.

ஆனால் அளக்கும் கருவியே பிழையுடையதாக இருந்தால் என் செய்வது? ஆகவே வெர்னியர், மைக்ரோமீட்டர் முதலியவை குறித்த காலங்களில் அவற்றினும் நுட்பமான கருவிகளைக் கொண்டு சோதிக்கப்படுகின்றன. அக்கருவிகள் அவற்றினும் உயர்ந்த தர அளவுகளோடு ஒப்பிடப்படுகின்றன. இச்சங்கிலி புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் காக்கப்படும் நாட்டின் தர அளவு வரை செல்கின்றது. ஒரகடத்துத் தொழிலாளி ஒருவர் கையிலுள்ள கருவி அச்சங்கிலியின் கடைசிக் கண்ணியாகும்.

இஸ்லாமிய நகரங்களின் வரலாறு கற்றோருக்கு இது புதிதன்று. அங்காடிகளைக் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரியின் தலையாய கடமைகளுள் ஒன்று, வணிகர்தம் தராசையும் எடைக்கற்களையும் முகத்தலளவைகளையும் சோதித்தலாகும். அதற்கென 'ஹிஸ்பா' நூல்கள் என்றொரு தனி வகையே அரபியில் தோன்றிற்று. அளவில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இவ்வாறு அளவின் நேர்மை, மார்க்கத்தில் வழிபாட்டுக்கு அடுத்த அறமாகப் போற்றப்பட்டது.

இதனினும் ஆழமானதோர் இணைப்பு 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தில் உண்டு. சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குவதை அதன் 5ஆம் வசனம் உரைக்கின்றது. 7ஆம் வசனம் இறைவன் வானை உயர்த்தியதையும் மீஸானை, அதாவது தராசை நிலைநாட்டியதையும் ஒருசேரக் கூறுகின்றது. அடுத்த இரு வசனங்கள் நிறுவையில் வரம்பு மீறாதிருக்கவும், எடையை நீதியுடன் நிலைநிறுத்தவும் கட்டளையிடுகின்றன. வானத்தின் ஒழுங்கும் கடைத்தெருத் தராசும் ஒரே மூச்சில் பேசப்படுவதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முன்னோர்கள் இதனை வெறும் உவமையாகக் கொள்ளவில்லை. அப்துர் ரஹ்மான் அல்காஸினீ, ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) பொருள்களின் அடர்த்தியையும், உலோகங்களில் கலப்படம் உள்ளதா என்பதையும் நீரில் நிறுத்துக் கண்டறியும் தராசைப் பற்றி விரிவான நூலொன்று எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'மீஸானுல் ஹிக்மா', அதாவது ஞானத்தின் தராசு என்பதாகும்.

பூமியை அளந்தவர்கள்

வானை அளக்க விழைவோர் முதலில் தாம் நிற்கும் பூமியை அளந்தாக வேண்டும். அப்பாஸிய கலீஃபா மஃமூன் (ஆட்சி: கி.பி. 813-833) தம் அறிஞர்களை இப்பணியில் ஈடுபடுத்தினார். சிஞ்சார் சமவெளியில் இரு குழுவினர் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டனர். ஒரு குழு நேர் வடக்கே சென்றது, மற்றொன்று நேர் தெற்கே சென்றது. வானத்தில் துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை கயிறும் முளைக்குச்சியும் கொண்டு தரையை அளந்தவாறே நடந்தனர். பூமியின் சுற்றளவில் 360இல் ஒரு பங்கு இவ்வாறு கிட்டிற்று. அதன் நீளம் 56⅔ அரபு மைல் என்பதை அல்ஃபர்கானீ தம் வானியல் நூலில் பதிவு செய்தார். அரபு மைல் ஏறத்தாழ 1,973 மீட்டர் எனக் கொண்டால், இது சுமார் 112 கிலோமீட்டராகும். இன்றைய அளவோ 111 கிலோமீட்டர்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அபூரைஹான் அல்பிரூனீ (973-1048) பாலையில் நடக்க வேண்டாத வழியொன்றைக் கையாண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு குன்றின் உயரத்தைச் சுமார் 652 முழம் எனக் கணித்தார். பின்னர் அதன் உச்சியில் நின்று நோக்கினார். உயரத்திலிருந்து காண்போருக்கு அடிவானம் கிடைமட்டத்தினும் சற்றுத் தாழ்ந்து தோன்றும். அத்தாழ்வு 34 கலை என அளந்தார். பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை. குன்றின் உயரமும் தாழ்வுக் கோணமும் தெரிந்தால் பூமியின் ஆரத்தைக் கோணவியல் வாயிலாகக் கணக்கிடலாம். அவர் பெற்ற விடை உண்மைக்கு வெகு அருகில் வந்தது. எவ்வளவு அருகில் என்பது அவர் வழங்கிய முழத்தின் நீளத்தை நாம் எவ்வாறு கொள்கின்றோம் என்பதைப் பொறுத்தது. ஒளி காற்றில் வளைவதை அவரால் கணக்கில் சேர்க்க இயலவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். எனினும் முறை பிழையற்றது.

அவர் இதனைப் பதிவு செய்த நூல்களுள் ஒன்று 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாக்கின்' என்பதாகும். ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை நிர்ணயித்து, அதன்வழி கஸ்னா நகரின் கிப்லாவைக் கண்டறிதல் அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. தொழுகைக்குத் திசை தேடியவர் பூமிக்கே அளவு கண்டார்.

இத்தகைய பணியின் பிற்காலத் தொடர்ச்சியொன்று ஒரகடத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரங்கிமலையருகே நிகழ்ந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்குள்ள சமவெளியில் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை, நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீள்வதையும் கணக்கிட்டுத் திருத்தினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணிக்கு அதுவே அடிப்படையாயிற்று. பூமியின் உருவத்தை அறிவதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்று. மஃமூனின் அறிஞர்கள் கயிற்றால் செய்ததை அவர் எஃகால் செய்தார். அறிவுக்கு இனமோ நாடோ இல்லை. அளவை மதிப்போர் யாவராயினும் அவரிடம் அது சென்று சேரும்.

அலகு தவறினால்

அளவு சரியாக இருந்தும் அலகு தவறினால் என்ன நேரும் என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன. ஐந்து நூற்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்த அவ்விரண்டும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன.

அல்ஃபர்கானீயின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவிற்று. கொலம்பஸ் அதிலுள்ள 56⅔ மைல் என்னும் எண்ணை ஏற்றுக்கொண்டார். ஆனால் அதனைச் சுமார் 1,480 மீட்டர் நீளமுள்ள ரோமானிய மைலாகக் கருதிவிட்டார். ஆகவே அவர் கணக்கில் பூமி உண்மையினும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கிற்று. ஆசியா மேற்குக் கடலில் அண்மையிலேயே உள்ளதென அவர் நம்பிப் புறப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இடையில் அமெரிக்கா குறுக்கிட்டதால் அவரது கப்பல்கள் தப்பின.

1999 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலம் செவ்வாயை அடைந்த வேளையில் அழிந்தது. கலத்தின் சிறு எஞ்சின்கள் தந்த உந்தத்தை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கணக்கிட்டுத் தந்தது. மற்றொன்று அதனை நியூட்டன் அலகெனக் கொண்டது. இரண்டுக்கும் இடையே நாலரை மடங்கு வேறுபாடு. மாதக்கணக்கில் சேர்ந்த அப்பிழையால் கலம் செவ்வாயின் காற்று மண்டலத்துக்குள் மிகத் தாழ்வாக நுழைந்துவிட்டது. இங்கே குறுக்கிட்டுக் காக்க ஒரு கண்டம் இருக்கவில்லை. எடையில் வரம்பு மீறாதீர் என்னும் கட்டளை கடைத்தெருவுக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தவில்லையா?

நம் நாட்டின் அனுபவமும் இதுவே. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் 'விக்ரம்' தரையிறங்கு கலம் சந்திரனில் மோதி வீழ்ந்தது. அதன்பின் இஸ்ரோ அறிஞர்கள் ஒவ்வொரு விலகலையும் ஆராய்ந்தனர். அடுத்த கலத்தில், நிலவின் தரையை நோக்கிய வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் டாப்ளர் வேகமானியையும் சேர்த்தனர். இறங்கும் சோதனைகளுக்காக, சந்திர மேட்டுநிலத்தை ஒத்த பாறைத்தூள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரனின் தென்துருவப் பகுதியருகே மெல்ல இறங்கிற்று. தோல்விக்குப் பின் அவர்கள் கூடுதலாகத் தேடியது அளவையே.

அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையை 2024 ஜனவரி 6 அன்று அடைந்தது. அங்கிருந்து வரும் வானொலி அலை நம்மை அடையவே 5 விநாடி பிடிக்கும். அத்திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்று 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். இராமேஸ்வரத்துக் கலாமுக்குப் பின், விண்வெளித் துறையில் தமிழ் முஸ்லிம்கள் மகிழ்வோடு சொல்லும் பெயர் இது.

இரு மாயைகள்

பெயர்களைச் சொல்லி மகிழ்வதோடு நாம் நின்றுவிடுவதே முதல் மாயை. சந்திரனில் 'அல்ஃப்ராகானஸ்' என்றொரு பெருங்குழி உண்டு. அது அல்ஃபர்கானீயின் பெயர். 'அசோஃபி' என்பது வானியலாளர் அஸ்ஸூஃபீயின் பெயர். 'அல்ஹேசன்' என்பது இப்னுல் ஹைஸமின் பெயர். நம் மேடைகளில் இவை மீண்டும் மீண்டும் கூறப்படுகின்றன. கூறுவது தவறன்று. ஆனால் முன்னோர் அளந்த கயிற்றைக் கையிலெடுக்காமல் அவர்தம் பெயரை மட்டும் ஏந்தி நிற்பது வாரிசுரிமை ஆகாது.

திருவசனங்களில் ராக்கெட்டைத் தேடுவது இரண்டாவது மாயை. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் வானம், பூமியின் எல்லைகளைக் கடந்து செல்ல இயலுமாயின் செல்லுமாறு ஜின்களுக்கும் மனிதருக்கும் அறைகூவி, அதிகாரமின்றி அது இயலாதென முடிகின்றது. விண்வெளிப் பயணத்தின் முன்னறிவிப்பாக இதனை எடுத்துக்காட்டுவது பரவலான வழக்கமாகிவிட்டது. இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களோ மறுமையின் பெருவெளியில் இறை ஆணையிலிருந்து எவரும் தப்பியோட இயலாது என்பதாகவே இதனை விளக்குகின்றார்கள். இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் முன்னோரின் பல்வேறு கருத்துக்களை எடுத்தெழுதுகின்றார்கள். தீச்சுவாலையைப் பற்றி எச்சரிக்கும் 35ஆம் வசனத்தையும் சேர்த்து ஓதினால் தொனி விளங்கும். இன்றைய கண்டுபிடிப்பொன்றை வசனத்தின் மீது ஏற்றினால், நாளை அக்கண்டுபிடிப்பு திருத்தப்படும்போது வசனத்துக்கே இழுக்கு நேர்ந்ததாக எளியோர் மயங்குவர். அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் மீஸானைப் பற்றிய தெளிவான கட்டளை இருக்க, அதனை விடுத்து இதனைப் பற்றி நிற்பது வியப்புக்குரியது. முன்னது நம்மைப் பணி செய்யச் சொல்கின்றது. பின்னதற்கு நாம் தந்த விளக்கமோ பணியின்றியே பெருமிதம் தருகின்றது.

இவ்விடத்தில் அரபுக் கல்லூரிகளின் பொறுப்பையும் பேசியாக வேண்டும். தர்ஸே நிஜாமிப் பாடத்திட்டத்தில் 'இல்முல் ஹைஆ' எனப்படும் வானியல் ஓர் அங்கமாக இருந்தது. ஜஃக்மீனீயின் நூலுக்குக் காளீஸாதா எழுதிய விரிவுரையும், பஹாவுத்தீன் ஆமிலீயின் 'தஷ்ரீஹுல் அஃப்லாக்', 'குலாஸத்துல் ஹிஸாப்' ஆகியனவும் ஓதப்பட்டன. அவை பூமியை மையமாகக் கொண்ட பழைய வானியல் எனக் கருதி மெல்ல மெல்லக் கைவிடப்பட்டன. பழைய நூலை விட்டது பிழையன்று. அதனிடத்தில் புதிய நூலொன்றை வைக்காததே குறை. விளைவு யாது? கிப்லாவின் ஃபிக்ஹைப் பக்கம் பக்கமாக ஓதும் மாணவர், ஒரு கோணத்தை அளக்கக் கற்பதில்லை. பிறை பற்றிய விவாதங்களில் எத்தரப்பைச் சார்ந்தோராயினும், சந்திரனின் இயக்கத்தைக் கணக்கிட்டுப் பேசுவோர் அரிதாகவே உள்ளனர்.

ஒரகடத்து இளைஞரிடம் கருவி இருக்கின்றது. அது எந்த மரபின் வழி வந்ததென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அரபுக் கல்லூரி மாணவரிடம் நூல் இருக்கின்றது. அதிலுள்ள எண்ணை அவர் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. நாம் பொற்காலம் என்று புகழும் காலம், இவ்விரண்டும் ஒரே கையில் இருந்த காலமேயாகும்.

ஒரு கோலும் ஒரு நிழலும்

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை சூரியன் நண்பகலில் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகின்றது. நஸீருத்தீன் தூஸீ (1201-1274) தம் 'தத்கிரா'வில் இதனைக் கிப்லா அறியும் வழியாகக் குறித்துள்ளார். இந்திய நேரப்படி மே 28 பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 பிற்பகல் 2.57 மணிக்கும் இது நிகழ்கின்றது. லீப் ஆண்டுகளில் ஒரு நாள் முந்தும். ஓரிரு நாள் முன்பின்னானாலும் பிழை மிகச் சிறியதே.

கத்திரி வெயிலின் அக்கடைசி நாட்களில், சமதளத் தரையில் ஒரு மீட்டர் கோலொன்றைத் தூக்குக்குண்டின் துணையால் செங்குத்தாக நட்டு வையுங்கள். குறித்த நொடியில் நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கிக் கோடிட்டால், அதுவே கஅபாவின் திசை. ஒரகடத்தில் அக்கோடு நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை சாய்ந்திருக்கும். மேற்கே கிப்லா எனப் பொதுவாகக் கொள்ளும் வழக்கத்துக்கும் கணக்குக்கும் உள்ள இடைவெளி இது. இதனால் எவர் தொழுகையையும் குறை கூற வேண்டுவதில்லை. தொலைவிலுள்ளோருக்குப் பொதுத் திசையே போதும் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. கஅபாவையே இலக்காகக் கொள்ள முயல வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. எனினும் புதிய பள்ளிவாசலுக்கு அடித்தளம் இடும்போதும், தொழிற்பேட்டை விடுதியில் தொழுகைக்கென அறையொன்றை ஒதுக்கும்போதும் அறிந்து செய்வது அறியாமற் செய்வதினும் மேலானதல்லவா?

இனி அதே நிழலின் நீளத்தையும் அளந்து பாருங்கள். அது ஏறத்தாழ 81 சென்டிமீட்டர் இருக்கும். கோலுக்கும் நிழலுக்கும் உள்ள விகிதத்திலிருந்து, சூரியன் நம் உச்சியிலிருந்து சுமார் 39 பாகை விலகியிருப்பது தெரியவரும். அந்நொடியில் சூரியன் கஅபாவின் உச்சியில் இருப்பதால், பூமியின் வளைவில் ஒரகடத்துக்கும் மக்காவுக்கும் இடையேயுள்ள விலகலும் அதே 39 பாகைதான். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினால் சுமார் 4,350 கிலோமீட்டர் என விடை கிட்டும். சிஞ்சார் வெளியில் கயிறு பிடித்து நடந்தவர்கள் அளந்த அந்த ஒரு பாகை, இவ்வாறு நம் முற்றத்தில் பயன்படுகின்றது.

ஒவ்வோர் அரபுக் கல்லூரியும் ஆண்டில் இவ்விரு நாட்களையேனும் இப்பாடத்துக்கு ஒதுக்கட்டும். தொழிற்பேட்டைகளில் பணியாற்றும் நம் இளைஞர்களை அன்று அழைத்து, அளவுக் கருவிகளின் நுட்பத்தை மாணவர்களுக்குக் கற்பிக்கச் செய்யட்டும். மாணவர்கள் அவர்களுக்கு அல்பிரூனீயின் கணக்கை ஓதிக்காட்டட்டும். கணிதம் கற்ற ஆலிம்களும், தம் கைத்தொழிலின் மரபறிந்த தொழில்நுட்பரும் இத்தகைய சந்திப்பிலிருந்து உருவாகக்கூடும். அவர்களுள் சிலர் நாளை வல்லம்-வடகாலிலோ, ஸ்ரீஹரிகோட்டாவிலோ அளவை வகுப்பவர்களாக அமரலாம். அமராவிடினும், வானை உயர்த்தித் தராசை நிலைநாட்டியவனின் சொல்லை அவர்கள் பொருளறிந்து ஓதுவார்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கு அளவில் நேர்மையையும், அறிவில் பணிவையும், அயராத முயற்சியையும் அருள்வானாக! ஆமீன்.